மலைச்சரிவில் மண் காக்கும் சங்கங்கள்
கண்டிப் பகுதிக் கமக்காரருக்குரிய பயிற்சியும் வாய்ப்புகளும்

கமத்தொழிலுக்கு வேண்டிய விதையையும் பசளையையும் கடையிலே வாங்கலாம். நீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவரலாம். மேல்மண்ணை மட்டும் விலைகொடுத்து வாங்க முடியாது. ஒரு சாண் ஆழமுள்ள நல்ல மண் உண்டாவதற்குப் பல நூறு ஆண்டுகள் செல்லும். அது அடித்துச் செல்லப்படுவதற்குச் சில பெருமழைகளே போதும்.

கண்டி நகரைச் சூழ்ந்துள்ள மலைநாட்டில் இவ்வுண்மை பலமுறை உணரப்பட்டுள்ளது. 1947 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மகாவலி கங்கை பெருக்கெடுத்துக் கம்பளை நகரையும் அதனை அடுத்த ஊர்களையும் மூழ்கடித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகளை உண்டாக்கி, பெரும் உயிர்ச்சேதத்தையும் பயிர்ச்சேதத்தையும் விளைத்தது. இத்தகைய பேரிடர்கள் எல்லோருடைய கண்ணுக்கும் தெரிகின்றன. ஆயின், ஒவ்வொரு போகத்திலும் ஆரவாரமின்றி நிகழும் மண்ணரிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனைத் தடுக்கும் வேலை ஒருவர் தம் தோட்டத்துக்குள் நின்று தனியே செய்து முடிக்கக்கூடியதன்று. ஒரு சரிவிலுள்ளோர் அனைவரும் சங்கமாகக் கூடி, முறையாகப் பயின்று, தொடர்ந்து செய்ய வேண்டியது.

மண் போகும் கணக்கு

இலங்கையின் நடுத்தர மலைநாட்டில் எடுக்கப்பட்டு 1980-களில் வெளியான அளவீடுகள் கமக்காரர் அனைவரும் அறிய வேண்டியவை. மண்காப்பு ஏற்பாடு எதுவுமில்லாத புகையிலைக் காணியிலிருந்து ஆண்டொன்றுக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 70 தொன் மண் அரித்துச் செல்லப்பட்டது. கறிமிளகாய்க் காணியில் இவ்விழப்பு 38 தொன். கரட் காணியில் 18 தொன். பல்வகை மரங்களும் செடிகளும் அடுக்கடுக்காக நிற்கும் கண்டிய வீட்டுத்தோட்டத்திலோ இழப்பு 0.05 தொன் மட்டுமே.

ஏக்கர்க் கணக்கில் சொல்லின், புகையிலைக் காணி ஓராண்டில் 28 தொன் மண்ணை இழந்தது. வீட்டுத்தோட்டம் இழந்தது 20 கிலோகிராம். இரண்டிலும் பெய்தது மலைநாட்டு மழையே. வேறுபாடு நிலத்தின் மேற்பரப்பை மூடியிருந்த இலையிலும், சருகிலும், வேரிலும் உள்ளது.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் கனமான மண் ஏறத்தாழ 12 அல்லது 13 தொன் நிறையுடையது. ஆகவே, 70 தொன் இழப்பு என்பது ஆண்டுக்கு ஐந்து முதல் ஆறு மில்லிமீற்றர் வரையான மண் நீங்குவதாகும். இவ்வீதத்தில் ஆறு அங்குல மேல்மண் முப்பது ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். தந்தை பயிர்செய்த மண் மகனுக்குக் கிடையாது.

போகும் மண் எங்கோ ஓரிடத்தில் தங்கியே தீரும். வயலின் வாய்க்காலை மூடுவதும், அணைக்கட்டின் வாயை அடைப்பதும், நெற்பயிரின்மேல் மணலாகப் படிவதும் மேற்சரிவிலிருந்து வந்த மண்ணே. 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை நீர்த்தேக்கத்தை 1988 இல் அளந்தபோது, அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 44 விழுக்காடு வண்டலால் நிரம்பியிருந்தது. மலையில் மரக்கறி செய்பவரின் இழப்பு, பள்ளத்தில் நெல் விளைவிப்பவரின் இழப்பாகவும் மாறுகின்றது.

சட்டமும் திட்டங்களும் செய்தவை

1873 ஆம் ஆண்டிலேயே தாவரவியல் அறிஞர் யோசப் ஹூக்கர் மலைநாட்டு உயர்காடுகளை அழிப்பதால் வரும் தீங்கினை அன்றைய அரசுக்கு எடுத்துரைத்தார். அதன் பின்னர் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவது தடுக்கப்பட்டது. 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண்காப்புச் சட்டம், மண்ணரிப்புக்குள்ளாகும் பகுதிகளைப் பிரகடனம் செய்யவும், அங்குள்ள நிலவுடைமையாளர் செய்ய வேண்டியவற்றை விதிக்கவும் வழிசெய்தது. இச்சட்டம் 1953 இலும் 1996 இலும் திருத்தப்பட்டது.

திட்டங்களும் பல வந்தன. மகாவலி நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்ட பின்னர், மேல் மகாவலி நீரேந்துப் பகுதி முகாமைத் திட்டம் நடைபெற்றது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களிற் சீரழிந்த கமநிலங்களைத் திருத்துவதற்காக, உலகச் சுற்றாடல் வசதி நிதியின் உதவியுடன் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2010-களின் பிற்பகுதியில் ஒரு திட்டத்தை நடத்தியது.

எந்தத் திட்டத்துக்கும் முடிவு நாள் உண்டு. மழைக்கு முடிவு நாள் இல்லை. மானியம் கிடைத்த ஆண்டில் கட்டிய கல்வரம்பு, பராமரிப்போர் இல்லாவிடில் சில ஆண்டுகளில் சரிந்துவிடும். வண்டல் நிறைந்த கானைத் துப்புரவு செய்யாவிடில் நீர் அதன் கரையை உடைத்துக்கொண்டு பாயும். கான் வெட்டாத காணிக்கு நேரும் சேதத்திலும் அது பெரிதாகலாம். எனவே, திட்டம் விட்டுச் செல்லும் வேலையை ஏற்று நடத்தும் அமைப்பு ஊரிலேயே இருத்தல் வேண்டும். அவ்வமைப்பே மண் காக்கும் சங்கம்.

தனியொருவரால் ஆகாதது ஏன்?

மழைநீர் காணி எல்லையை மதிப்பதில்லை. மேற்காணியில் கோவாவும் போஞ்சியும் பயிரிடுபவர், நீர் தேங்கி வேர் அழுகாதிருக்கும்பொருட்டுப் பாத்திகளைச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக அமைத்துவிடுகின்றார். அவருக்கு நீர் விரைவாக நீங்குகின்றது; கீழ்க்காணிக்காரருக்கு அந்நீரே வெள்ளமாக வருகின்றது. கீழ்க்காணிக்காரர் எத்தனை வரம்பு கட்டினாலும், மேலிருந்து வரும் நீரின் வேகத்தை அடக்காவிடில் பயனில்லை. மேற்காணிக்காரர் குறுக்குக் கான் வெட்ட விரும்பினாலும், அதன் நீரை விடுவதற்கு அயற்காணியூடாக வழி வேண்டும். இவ்விருவரும் ஒருங்கே அமர்ந்து பேசுவதற்கு ஓரிடம் தேவை.

நில உரிமையும் ஒரு தடையாக நிற்கின்றது. ஒரு போகத்துக்கு மட்டும் குத்தகை எடுத்தவர், பத்தாண்டு பயன்தரும் கல்வரம்பைக் கட்ட முன்வரமாட்டார். தோட்டப்புறங்களில் வாழும் குடும்பங்கள் பல, உரிமைப்பத்திரம் இல்லாத துண்டு நிலங்களிலேயே மரக்கறி செய்கின்றன. இன்றைக்கு இட்ட உழைப்பு நாளைக்குத் தமக்கு உரியதாகுமோ என்னும் ஐயம் இருக்கும்வரை மண்காப்பு நடைபெறாது. குத்தகைக் காலத்தை நீட்டுவதற்கோ, வரம்பு கட்டும் கூலியைக் குத்தகைப் பணத்திற் கழிப்பதற்கோ நிலவுடைமையாளருடனும் தோட்ட நிருவாகத்துடனும் பேசி, எழுத்தில் உடன்பாடு பெறுவதும் சங்கத்தின் கடமையாகும். தனி ஆள் கேட்டால் தட்டிவிடப்படும் வேண்டுகோள், முப்பது குடும்பங்கள் சேர்ந்து கேட்குமிடத்துச் செவிசாய்க்கப்படக்கூடும்.

சங்கம் அமைக்கும் முறை

மண் காக்கும் சங்கத்துக்கு எல்லையாக அமைய வேண்டியது நீரோடையாகும். ஒரே ஓடைக்கு நீர் வடியும் சரிவுகளில் மரக்கறி செய்வோரும், அவ்வோடை நீரால் நெல் விளைவிப்போரும் ஒரே சங்கத்தில் இருத்தல் நன்று. சிங்களக் கிராமமும் தமிழ்த் தோட்டக் குடியிருப்பும் ஒரே சரிவில் அமைந்துள்ள இடங்கள் கண்டிப் பகுதியிற் பல. ஆங்கு இரு மொழியிலும் கூட்டக் குறிப்பு எழுதப்படல் வேண்டும். கண்டிய நெல்வயல்களில் பழகிவந்த ‘அத்தம்’ என்னும் கைமாற்று வேலைமுறையை வரம்பு கட்டவும் கான் வெட்டவும் பயன்படுத்தலாம்.

ஊரில் ஏற்கெனவே கமக்காரர் அமைப்பு இருப்பின், புதிய சங்கம் தொடங்க வேண்டியதில்லை. அதனுள்ளேயே மண்காப்புக் குழுவொன்றை அமைக்கலாம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளைப் பதிவு செய்ய இடமளிக்கின்றது. அதற்குரிய விபரங்களைக் கமநல சேவை நிலையத்திற் பெறலாம். தனியான தொண்டர் சங்கமாக இயங்க விரும்புவோர் தத்தம் பிரதேச செயலகத்தில் பதிவுமுறையைக் கேட்டறிதல் வேண்டும். பதிவும், வங்கிக் கணக்கும், ஒழுங்கான கணக்குப் புத்தகமும் இல்லாத சங்கத்துக்கு எவரும் மானியம் வழங்கார்.

பயிற்சி கிடைக்கும் இடங்கள்

நாட்டின் விவசாயக் கல்விக்கு உரிய நிலையங்கள் பல கண்டிக்கு அண்மையிலேயே உள்ளன. இப்பகுதிக் கமக்காரர் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை.

முதலாவதாக, விவசாயத் திணைக்களத்தின் இயற்கை வள முகாமை நிலையம் பேராதனையில் உள்ளது. மண்காப்பும் நிலப் பயன்பாடும் இந்நிலையத்தின் பணிகளாகும். சங்கங்கள் தமது விவசாயப் போதனாசிரியர் வாயிலாக இங்கு பயிற்சி கோருதல் தகும்.

இரண்டாவதாக, கன்னொறுவையில் திணைக்களத்தின் சேவைக்காலப் பயிற்சி நிலையமும், தோட்டப் பயிர் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையமும், விவசாயத் தொழில்நுட்பப் பூங்காவும் உள்ளன. குண்டசாலையில் விவசாயப் பாடசாலை உள்ளது. சங்க உறுப்பினர் குழுவாகச் சென்று பார்வையிடுவதற்கு ஏற்ற இடங்கள் இவை.

மூன்றாவதாக, கன்னொறுவையில் ஹதபிம அதிகாரசபை உள்ளது. கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிற் பல்வகைப் பயிரிடுவதற்காக 1978 இல் தொடங்கப்பட்ட அமைப்பிலிருந்து வளர்ந்த நிறுவனம் இது. சீரழிந்த சரிவு நிலங்களைத் திருத்துவதில் இதற்கு நெடுங்கால அனுபவம் உண்டு.

நான்காவதாக, இலாப நோக்கமற்ற அமைப்புகள் உள்ளன. வண. பிதா போல் காஸ்பர்ஸ் 1972 இல் கண்டியில் நிறுவிய சத்தியோதயம், கிராம மக்களையும் தோட்ட மக்களையும் ஒன்றுசேர்த்துப் பணிசெய்த வரலாறுடையது. கலஹாவின் கெமி சேவா செவண, இயற்கைப் பசளை கொண்டு பயிர்செய்யும் முறையைப் பயிற்றுவித்து அறியப்பட்டது. புதிதாகத் தொடங்கும் சங்கங்கள் இத்தகைய மூத்த அமைப்புகளிடம் சங்கம் நடத்தும் முறையையும் கற்கலாம்.

பணவுதவி தேடுவோர், உலகச் சுற்றாடல் வசதி நிதியின் சிறு மானியத் திட்டத்தைப் பற்றிக் கேட்டறிதல் நன்று. ஊர்மட்டச் சங்கங்களுக்கும் தொண்டர் அமைப்புகளுக்கும் உரியதாகிய இத்திட்டம் 1994 முதல் இலங்கையில் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டத்தின் வாயிலாக நடைபெற்றுவந்துள்ளது.

எங்கிருந்து தொடங்குவது என அறியாதோர், தமது பிரிவு விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். அல்லது திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவையை அழைக்கலாம். பயிற்சியைத் தமிழில் நடத்தும்படி கோருவதற்குக் கமக்காரர் தயங்க வேண்டியதில்லை. தனித்தனியே கேட்பதைவிட, இருபது பேரின் பெயரை எழுதிச் சங்கத்தின் பெயராற் கேட்பதே பயன்தரும்.

பயிற்சியிற் கற்க வேண்டியவை

முதற் பாடம் சமவுயரக் கோடு குறித்தல். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஏழு அடி நீளமுள்ள இரு கம்புகளை உச்சியிற் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி, இடையிற் குறுக்குச் சட்டமொன்றைப் பிணைக்க வேண்டும். உச்சியிலிருந்து ஒரு கயிற்றிற் கல்லைத் தொங்கவிட வேண்டும். இச்சட்டத்தை நிலத்தில் நிறுத்தி, கால்கள் ஊன்றிய இரு இடங்களிலும் முளை அடித்து, கயிறு குறுக்குச் சட்டத்தைத் தொடும் இடத்தை அடையாளமிடுக. பின்னர் கால்களை இடம்மாற்றி, அதே முளைகளில் நிறுத்தி, மறுபடியும் அடையாளமிடுக. இவ்விரு அடையாளங்களின் நடுப்புள்ளியே மட்டம். அதன்பின், ஒரு காலை முளையில் ஊன்றி, கயிறு நடுப்புள்ளியைத் தொடும்வரை மறு காலை மேலும் கீழும் நகர்த்திச் சென்றால், சரிவின் குறுக்கே சமவுயரக் கோடு கிடைக்கும். ஒரு நாளிற் கற்று, மறுநாளே பிறருக்குக் கற்பிக்கத்தக்க வேலை இது.

இரண்டாம் பாடம் உயிர்வேலி. குறித்த கோடுகளின்மேல் கிளிரிசிடியாத் தடிகளை நெருக்கமாக இரு வரிசையாக நடலாம், வெட்டிவேரையும் நடலாம். மாடு வளர்ப்போர் தீவனப்புல்லை நட்டால் இரட்டைப் பயன் உண்டு. சரிவு கூடக்கூட வேலிகளுக்கிடையேயுள்ள தூரத்தைக் குறைத்தல் வேண்டும். ஒரு வேலிக்கும் அடுத்ததற்கும் இடையேயுள்ள செங்குத்து இறக்கம் மூன்றடி முதல் ஐந்தடிக்குள் இருக்கலாம். வெட்டிய கிளிரிசிடியா இலையைப் பாத்திகளில் மூடாக்காக இட்டால், அது மழைத்துளியின் தாக்கத்தைத் தடுத்துப் பின்னர் பசளையுமாகும்.

மூன்றாம் பாடம் நீரை வழிநடத்தல். பாத்திகள் சரிவின் குறுக்கே அமைய வேண்டும். நீர் தேங்காதவாறு சிறிதளவு சாய்வும் இருக்க வேண்டும். அந்நீரைப் புல் வளர்ந்த கானுக்குள் விட்டு, கற்பாங்கான இடத்தினூடாக ஓடைக்கு இறக்குதல் வேண்டும்.

நான்காம் பாடம் எல்லையை அறிதல். மேல்மண் அரிப்பு வேறு, மலையே சரிவது வேறு. வரம்பும் வேலியும் முன்னதைத் தடுக்கும், பின்னதைத் தடுக்கமாட்டா. நிலத்தில் வெடிப்புத் தோன்றினாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ, அச்சரிவில் நீரை நிலத்துக்குள் இறக்கும் குழிகளையும் கான்களையும் வெட்டலாகாது. மழை பலத்திருக்குமாயின் அங்கிருப்போர் உடனே பாதுகாப்பான இடத்துக்கு நீங்கி, பிரதேச செயலகத்துக்கு அறிவித்தல் வேண்டும். மண்சரிவு அபாயப் பகுதிகளை வரைபடமாக்கியுள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறாது அத்தகைய நிலத்தில் வேலை தொடங்குதல் ஆபத்தாகும்.

பிலிப்பைன்சுக் கமக்காரர் கண்ட வழி

உயிர்வேலியிட்டுச் சரிவில் பயிர்செய்யும் முறை 1970-களில் பிலிப்பைன்சு நாட்டின் மிண்டனாவோத் தீவில் உருவாக்கப்பட்டு, பின்னர் இலங்கைக்கும் வந்தது. அதே தீவிலுள்ள கிளவேரியா என்னும் மலையூரின் அனுபவம் நமக்கும் பாடமாகும். அங்குள்ள கமக்காரர் சிலர் 1987 இல் செபூத் தீவுக்குச் சென்று, அங்கே மண்காப்பில் தேர்ந்த கமக்காரரிடமே பயின்று திரும்பினர். கற்றபடி மரவேலிகளை நட்டனர். ஆனால், வேலியை அடிக்கடி வெட்டுவதற்கு ஆட்கூலி மிகுந்தது. ஆகவே அவர்களுட் சிலர், சமவுயரக் கோட்டின் வழியே ஒரு பட்டை நிலத்தை உழாது விட்டு, இயல்பாக முளைக்கும் புல்லையே வேலியாக வளரவிட்டனர். செலவு குறைந்தது, மண்ணும் தங்கியது. 1996 இல் அவ்வூரார் நிலப்பராமரிப்புச் சங்கத்தை அமைத்து, இம்முறையைக் குழுக்கள் வாயிலாக அயலூர்களுக்கும் பரப்பினர். செபூத் தீவிற் பயிற்றுவித்த கமக்காரரோ, 1988 இல் ‘மாக்-உக்மாட்’ என்னும் இலாப நோக்கமற்ற அமைப்பை நிறுவிப் பயிற்சியாளராயினர்.

இதிலிருந்து அறிய வேண்டியவை இரண்டு. கமக்காரரே கமக்காரருக்கு நல்லாசிரியர் என்பது ஒன்று. கற்ற முறையைத் தம் கூலிக்கும் நிலத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் உரிமையும் அறிவும் கமக்காரருக்கு உண்டு என்பது மற்றொன்று.

பயிற்சிக்குப் பின்

பயிற்சிக்குச் சங்கம் இருவரையேனும் அனுப்புதல் வேண்டும். அவருள் ஒருவர் பெண்ணாயிருத்தல் நன்று. பாத்தி பிடிப்பதும், களை எடுப்பதும், மூடாக்கு இடுவதும் பல குடும்பங்களிற் பெண்களின் கையிலேயே உள்ளன. திரும்பி வந்தவர்கள் ஒரு மாதத்துக்குள், வழியில் செல்வோர் காணத்தக்க இடத்திற் கால் ஏக்கரில் மாதிரிக் காணி அமைக்க வேண்டும். அக்காணியின் அடியிலும், திருத்தாத அயற்காணியின் அடியிலும் ஒரே அளவான குழிகளை வெட்டி, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் படிந்த மண்ணை வாளியால் அளந்து எழுதி வருதல் வேண்டும். ஐயமுற்றோரை நம்பச்செய்ய அந்த வாளிக் கணக்கைவிடச் சிறந்த பேச்சு வேறில்லை.

ஆண்டு வேலைக்கும் ஒழுங்கு வேண்டும். ஒக்டோபர் இடைப்பருவ மழைக்கு முன்னர், ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிற் கான்களைத் துப்புரவு செய்து, சரிந்த வரம்பைத் திருத்துதல் வேண்டும். முதல் மழை கண்டதும் கிளிரிசிடியாத் தடியையும் புல்லையும் நடுதல் வேண்டும். பெரும்போக அறுவடை முடிந்ததும் சங்கம் கூடி, மண்ணின் அளவையும் பணத்தின் கணக்கையும் ஒருங்கே வாசித்தல் வேண்டும். உறுப்பினர் போகந்தோறும் கொடுக்கும் சிறுதொகை, மானியம் நின்ற பின்னும் மண்வெட்டிக்கும் நாற்றுக்கும் கை கொடுக்கும்.

சட்டம் 1951 முதல் உள்ளது. பயிற்சி நிலையங்கள் அண்மையில் உள்ளன. கருவிக்கோ இரண்டு கம்பும் ஒரு கயிறும் போதும். இனி வேண்டுவது, ஒரே ஓடையின் கரையிலுள்ளோர் ஒரே நிரையில் நின்று வேலை தொடங்குவதே. அடுத்த இடைப்பருவ மழைக்கு முன்னர் ஒவ்வோர் ஊரும் தன் சங்கத்தைக் கூட்டி, பயிற்சிக்குச் செல்வோரின் பெயரை எழுதி விவசாயப் போதனாசிரியரிடம் கையளிப்பதாக. மேட்டிலே தங்கிய மண் மரக்கறியை வளர்க்கும். தெளிந்து இறங்கிய நீர் நெல்லை வளர்க்கும்.